எடையே இல்லாத இடத்தில் ஒரு பற்றரி மாற்ற ஏன் ஆறு மணித்தியாலம்?

#1 மல்லாவி_மாஸ்டர்

வணக்கம். போன சனிக்கிழமை பின்னேரம் தரம் 11 பிள்ளைகள் ஏழு பேரோடு வவுனிக்குளம் கட்டில் நின்றேன். விண்வெளி நிலையம் எங்கள் தலைக்கு மேலால் போகிற நேரத்தை முன்கூட்டியே பார்த்து வைத்திருந்தேன். சொன்ன நிமிடத்திலேயே தென்மேற்கில் எழும்பியது. மினுக்கம் இல்லை, சத்தம் இல்லை. ஒரே வெளிச்சமாக நகர்ந்து, வடகிழக்கை எட்ட முன்னமே பூமியின் நிழலுக்குள் போய் அணைந்துவிட்டது. பிள்ளைகள் கொஞ்ச நேரம் கதைக்கவே இல்லை.

அப்புறம் ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், அதுக்குள்ள இருக்கிறவைக்கு எடை தெரியாது என்று படிப்பிச்சீங்கள். அப்ப வெளியில வந்து ஒரு பற்றரி மாத்த ஏன் ஆறு ஏழு மணித்தியாலம் போகுது? எங்கட லான்ட்மாஸ்டர் பற்றரியை அப்பா அஞ்சு நிமிசத்தில மாத்துவார்."

எடை தெரியாவிட்டாலும் திணிவு அப்படியே இருக்கும், அசைக்கவும் நிறுத்தவும் விசை வேண்டும் என்று சொன்னேன். பிழையான பதில் இல்லை. ஆனால் அது அரைப் பதில்தான் என்று வீட்டுக்கு வரும் வழியிலேயே தெரிந்துவிட்டது. அதனால்தான் இந்த இழை.

நான் வாசித்ததை முதலில் வைக்கிறேன். முதன்முதலில் வெளியே வந்தவர் சோவியத் வீரர் அலெக்சி லியோனொவ், 1965 மார்ச் 18. நின்றது ஏறக்குறைய 12 நிமிடம். அந்த நேரத்துக்குள்ளேயே உடை உள்ளிருந்த காற்றால் ஊதி விறைத்து, விரல்கள் கையுறையின் நுனியை விட்டும் பாதங்கள் சப்பாத்தை விட்டும் விலகிவிட்டன. திரும்பி உள்ளே புகுவதற்கு உடையிலிருந்த அமுக்கத்தைத் தன் கையாலேயே குறைக்க வேண்டி வந்தது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது 1966 ஜூன் 5 இல் அமெரிக்காவின் ஜெமினி 9 விண்கலத்திலிருந்து வெளியே வந்த யூஜின் சேர்னன். கலத்தின் பின்பக்கம் போய் அங்கே பூட்டியிருந்த ஒரு முதுகுப் பொறியை மாட்டிக்கொள்வதுதான் அவருடைய வேலை. பிடிக்க ஒழுங்கான கைபிடி இல்லை, கால் ஊன்ற இடம் இல்லை. ஒரு வால்வைத் திருப்பினால் வால்வுக்குப் பதிலாக இவர் திரும்புகிறார். உடம்பை ஓரிடத்தில் வைத்திருப்பதற்கே முழுப் பலமும் போனது. இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 180 வரை ஏறியது. வியர்வை ஆவி முகக்கண்ணாடியில் படிந்து பார்வை மறைந்தது. மூக்கு நுனியால் கண்ணாடியைத் தேய்த்து ஒரு சிறு ஓட்டை அளவுக்குப் பார்த்தாராம். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே நின்றும் அந்தப் பொறியை மாட்டவே முடியவில்லை. வேலையைக் கைவிட்டு உள்ளே வந்தார்.

திடகாத்திரமான மனிதர், கடற்படை விமானி. அவருக்கே அப்படி. இந்தக் களத்தில் உயரத்தில் ஏறுகிறவர்கள், கடலில் இறங்குகிறவர்கள், கவச உடை போட்டு வேலை செய்கிறவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் வேலையிலிருந்து சொன்னால் பிள்ளைகளுக்கு என்னைவிட வடிவாக விளங்கும்.

#2 தளைநார்

மாஸ்டர், என் பெயருக்கு வேலை வந்துவிட்டது. அப்பா பூநகரியில் சீவல் தொழில் செய்தவர். நான் இப்போது தொலைபேசிக் கோபுரங்களில் அன்ரெனா பூட்டுகிறேன். இரண்டு பேருடைய தொழிலுக்கும் அடிப்படை ஒன்றுதான்: கை வேலை செய்ய வேண்டுமென்றால் கால் எங்கேயாவது கட்டுப்பட்டிருக்க வேண்டும்.

அப்பா பனையில் ஏறி வட்டுக்குக் கீழே நிற்கும்போது இரண்டு பாதத்தையும் தளைநார் மரத்தோடு சேர்த்து இறுக்கியிருக்கும். அந்த இறுக்கம் இருப்பதால்தான் இரண்டு கையையும் விட்டுப் பாளையைத் தட்ட முடியும், கத்தியை வைக்க முடியும். சின்ன வயதில் நான் நார் இல்லாமல் ஏறிப் பார்த்தேன். ஏறலாம், இறங்கலாம். மேலே போய் ஒன்றும் செய்ய இயலாது. ஒரு கை மரத்தைக் கட்டிப்பிடிக்க, மற்றக் கைக்குப் பலமே வராது. சேர்னனுக்கு நடந்தது அதுதான். அவருக்குத் தளைநார் இல்லை.

அவருக்குப் பிறகு அதைச் சரிசெய்தவர் பஸ் ஓல்ட்ரின். 1966 நவம்பரில் ஜெமினி 12. போக முன்னம் நீச்சல் தடாகத்துக்குள் உடையோடு இறங்கி, மிதந்தபடி வேலை செய்து பழகினார். கலத்தில் கைபிடிகள் கூட்டினார்கள், பாதத்தைச் செருகி நிற்க இரண்டு காலணி போலப் பூட்டினார்கள், இடுப்பிலிருந்து இரண்டு பக்கமும் கட்டுகிற பட்டி கொடுத்தார்கள். அவர் போல்ட் கழற்றினார், பூட்டினார், கேபிள் வெட்டினார், களைக்கவில்லை. ஐந்து மாதத்துக்கு முன் நடக்காத காரியம் நடந்தது. ஆளின் பலம் கூடவில்லை. காலுக்குப் பிடி கிடைத்தது, அவ்வளவுதான். இன்றைக்கு நிலையத்திலும் பாதம் செருகும் தட்டு ஒன்றை வேலை செய்யும் இடத்தில் பூட்டிவிட்டுத்தான் போல்ட்டில் கை வைக்கிறார்கள். சில நேரம் அந்தத் தட்டு நீண்ட ரோபோக் கையின் நுனியில் இருக்கும்.

இப்போது பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். கோபுரத்தில் எனக்கு இரண்டு கொக்கி. மேலே நகரும்போது புதுக் கம்பியில் ஒன்றை மாட்டி, இழுத்துப் பார்த்து, அதற்குப் பிறகுதான் பழையதைக் கழற்றுவேன். எந்த நொடியிலும் ஒரு கொக்கியாவது மாட்டியிருக்க வேண்டும். 60 மீற்றர் கோபுரத்தில் ஏறுவதற்கு எடுக்கிற நேரத்தில் பாதி கொக்கிக்கே போகும். விண்வெளியிலும் அதே விதிதான், மாட்டின பிறகு கழற்று. ஏறக்குறைய 26 மீற்றர் நீளமான உருக்குக் கயிறு, தானாகச் சுருளும் சுருளோடு, ஆளைக் கதவடிக் கம்பியோடு பிணைத்திருக்கும். அது போதாதென்று வேலை செய்யும் இடத்தில் இன்னொரு குட்டைக் கயிறு. வேலை ஆயுதம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கயிறு. ஒரு ஸ்பானரை எடுக்க முதலில் அதன் கயிற்றை உடையில் மாட்டி, பிறகு பையில் இருக்கும் கொக்கியைக் கழற்றி, வேலை முடிய மறுபடி அதே வரிசை தலைகீழாக.

மறந்தால் என்ன ஆகும்? 2008 நவம்பரில் ஹைடமேரி ஸ்டெஃபனிஷின் பைப்பர் கிறீஸ் கசிந்த பையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஆயுதப் பை ஒன்று கட்டில்லாமல் மிதந்து விலகிப் போனது. கை எட்டவில்லை. எட்டிப் பிடிக்க நிலத்தில் ஓடுவது போல ஓடவும் முடியாது. அந்தப் பை அடுத்த வருடம் வளிமண்டலத்தில் எரியும் வரை தனியாகப் பூமியைச் சுற்றியது.

ஆளே விடுபட்டுப் போனால்? முதுகில் ஒரு சிறு நைதரசன் பொறி இருக்கிறது, அதை ஊதித் திரும்பி வரலாம். கடைசி வழி அது. உண்மையான ஆபத்தில் அதைப் பாவிக்க வேண்டிய நிலை இதுவரை யாருக்கும் வரவில்லை. கொக்கி ஒழுங்காக மாட்டுகிறார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

#3 முல்லைக்கடல்

நான் கடலட்டை குளிக்கிறவன். சிலிண்டர் கட்டி இறங்கிப் பதினைந்து வருடம். நேரம் எங்கே போகிறது என்பதற்கு இன்னொரு கணக்கு என்னிடம் இருக்கிறது. கதவு திறக்க முன்னமே பல மணித்தியாலம் போய்விடுகிறது.

கடலுக்கு அடியில் அமுக்கம் கூட, மூச்சில் போகிற நைதரசன் இரத்தத்திலும் இழையத்திலும் கரைந்து நிற்கும். கெதியாக மேலே வந்தால் சோடாப் போத்தலைத் திறந்தது போலக் குமிழி விடும். மூட்டில் நின்றால் வலி. முள்ளந்தண்டில் நின்றால் கால் வராது. என்னோடு ஒரே படகில் வந்த ஒருவர் இன்றைக்கும் தடியோடுதான் நடக்கிறார்.

எங்களுக்கு மேலே வருவது எப்படியோ, அவர்களுக்கு வெளியே போவது அப்படி. நிலையத்துக்குள் நாங்கள் இங்கே சுவாசிக்கிற அதே அமுக்கம், அதே காற்று. அமெரிக்க உடைக்குள் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, சுத்த ஒட்சிசன். விகிதக் கணக்கில் பார்த்தால் 24 மீற்றர் ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு ஒரே இழுவையில் மேலே வருவதற்குச் சமம். தப்பவே முடியாது. அதனால் முன்கூட்டியே சுத்த ஒட்சிசனை மூச்செடுத்து உடம்பிலுள்ள நைதரசனை வெளியேற்றுகிறார்கள். அந்த நேரத்தில் கை காலை மெதுவாக அசைத்து உடற்பயிற்சியும் செய்வார்கள், இரத்தம் நன்றாக ஓடினால் நைதரசன் கெதியாகக் கழியும். சில காலம் முந்திய இரவே, வெளியே போகிற கதவுக்கு முன்னாலுள்ள சிற்றறைக்குள் அமுக்கத்தைக் குறைத்து அங்கேயே படுத்திருக்கிறார்கள்.

பிள்ளையிடம் சொல்லுங்கோ மாஸ்டர், ஆறு மணித்தியாலம் என்பது வெளியே நின்ற நேரம் மட்டும்.

#4 மல்லாவி_மாஸ்டர்

அண்ணை, 24 மீற்றர் கணக்கைப் போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது. நாளைக்கே வகுப்பில் செய்விக்கிறேன்.

அப்படியென்றால் உடைக்குள்ளும் சாதாரண அமுக்கத்தையே வைத்தால் என்ன என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். லியோனொவின் உடையை நினையுங்கள். வெளியே வெறுமை, உள்ளே காற்று. கையுறை, காற்றடித்த சைக்கிள் ரியூப் மாதிரி நிமிர்ந்து நிற்கவே பார்க்கும். விரலை மடக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த ரியூப்பை மடக்குகிறீர்கள். விட்டால் தானாக விரியும். ஆறு மணித்தியாலம் இதையே செய்தால் முன்னங்கை என்ன பாடுபடும்? நகம் பெயர்ந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். அமுக்கம் கூடக் கூட விரல் விறைக்கும். குறைத்தால் விரல் மடங்கும், ஆனால் நைதரசன் பிரச்சினை வரும். இரண்டுக்கும் இடையில் பேரம் பேசித்தான் அந்த மூன்றில் ஒரு பங்கைப் பிடித்திருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது குளிர்விக்கிற முறை. விண்வெளி என்றாலே குளிர் என்று நினைக்கிறோம். வெயில் படுகிற பக்கம் 120 பாகை செல்சியஸ், நிழல் பக்கம் பூச்சியத்துக்குக் கீழே 150 என்று போகும். 90 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுவதால் முக்கால் மணித்தியாலத்துக்குப் பகல், முக்கால் மணித்தியாலத்துக்கு இரவு என்று மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் உடைக்குள் இருப்பவருக்குப் பெரிய தொல்லை தன் உடம்புச் சூடுதான். சுற்றிக் காற்றே இல்லை, அந்தச் சூட்டை எடுத்துப் போக ஆளில்லை. அதனால் உள்ளாடையில் ஏறக்குறைய 90 மீற்றர் மெல்லிய குழாய் தைத்து, அதற்குள் தண்ணீரை ஓட்டுகிறார்கள். உடம்புச் சூட்டை வாங்கின தண்ணீர் முதுகுப் பெட்டிக்குப் போகிறது. அங்கே நுண்துளை உள்ள ஓர் உலோகத் தட்டு. அதன் வழியே கொஞ்சத் தண்ணீர் கசிந்து, வெறுமையைத் தொட்டதும் பனிக்கட்டியாகி, உருகாமலே ஆவியாகிப் போகிறது. போகும்போது சூட்டையும் கொண்டு போகிறது.

இது எங்கள் மண்பானை. கசிகிறது, ஆவியாகிறது, உள்ளே இருப்பது குளிர்கிறது. அம்மம்மா திண்ணையில் மணல் பரப்பி வைத்த பானைக்கும் அந்த முதுகுப் பெட்டிக்கும் பௌதிகம் ஒன்றே. இதை வகுப்பில் சொல்லும்போது சில பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

#5 மின்சுற்று

எல்லாம் சரி. ஆனால் நீங்கள் சொல்லச் சொல்ல எனக்கு வேறொன்று தோன்றுகிறது. இவ்வளவு கஷ்டமென்றால் ஆள் ஏன் வெளியே போக வேண்டும்? நிலையத்தில் 17 மீற்றருக்கு மேல் நீளமான, கனடாக் கை என்ற ரோபோக் கை இருக்கிறது. டெக்ஸ்டர் என்ற இரண்டு கை ரோபோவும் இருக்கிறது. 2017 ஜனவரியில் பழைய பற்றரிகளை எடுத்துப் புதியவற்றை வைத்ததில் பெரும் பங்கை டெக்ஸ்டர்தான் செய்தது, அதை ஓட்டியவர்கள் தரையில் இருந்தார்கள். அந்தப் பங்குக்கு யாரும் ஒட்சிசன் மூச்செடுக்கத் தேவையில்லை, யாருடைய நகமும் பெயரவில்லை.

நான் வவுனியாவில் தொழினுட்பம் படிக்கிறேன். ஓர் உயிரைப் பணயம் வைத்துப் போல்ட் திருப்புவது எனக்கு ஏற்கக்கூடியதாக இல்லை. மனிதர் செய்தால்தான் பெருமை என்ற எண்ணத்தை விட வேண்டும்.

#6 தளைநார்

தம்பி, பெருமைக்காக யாரும் கோபுரத்தில் ஏறுவதில்லை. கீழிருந்து செய்யக் கூடியதை நானும் கீழிருந்தே செய்வேன். ரோபோ செய்யட்டும், நல்லது. ஆனால் அது செய்தது என்ன வேலை என்று பாருங்கோ. அந்தப் பற்றரிகள் முதலிலிருந்தே கழற்றிப் பூட்டுவதற்காகச் செய்யப்பட்டவை. போல்ட் எங்கே, எத்தனை சுற்று, எல்லாம் தெரிந்தது.

2009 மே மாதம் ஹபிள் தொலைநோக்கியில் மைக் மாசிமினோ செய்த வேலையை எடுங்கோ. உள்ளே ஒரு கருவியின் மின்பலகை பழுது. அந்தக் கருவியை மேலே வைத்துத் திறப்பார்கள் என்று செய்தவர்கள் நினைத்ததே இல்லை. மூடியில் 111 சின்னத் திருகாணி. கழன்ற ஆணி உள்ளே மிதந்து போகாமல் பிடிப்பதற்கு என்றே ஒரு தட்டுச் செய்து கொண்டு போனார்கள். அந்தத் தட்டைப் பொருத்த முன்னம் ஒரு கைபிடியைக் கழற்ற வேண்டும், அதற்கு நாலே நாலு போல்ட். மூன்று கழன்றது. நாலாவதின் தலை தேய்ந்து வழுக்கிவிட்டது.

தலை வழுக்கின போல்ட்டோடு உயரத்தில் நின்றவனுக்குத்தான் அந்த நிமிடம் தெரியும். வயிற்றுக்குள் ஒன்று இறங்கும்.

தரையில் இருந்தவர்கள் அதே மாதிரிக் கைபிடி ஒன்றை எடுத்து, எவ்வளவு விசைக்கு உடையும் என்று இழுத்துப் பார்த்தார்கள். பிறகு அவரிடம், உடைகிற துண்டு பறக்காமல் முதலில் ரேப் ஒட்டு, பிறகு இழுத்து உடை என்றார்கள். ஒட்டினார், இழுத்தார், உடைந்தது. அதற்குப் பிறகு 111 ஆணியும் ஒவ்வொன்றாகக் கழற்றி, பலகையை மாற்றினார். கருவி மறுபடி வேலை செய்தது. ஒரு பொருள் எந்த இடத்தில் விட்டுக்கொடுக்கும் என்று கைக்குத் தெரிகிற அந்த நிமிடத்துக்கு ஆள் வேண்டும்.

#7 மின்சுற்று

அண்ணா, அந்தக் கதை எனக்குத் தெரியாது. ஏற்கிறேன். ஆனால் என் பக்கத்தை முழுதாக விடவில்லை. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 15 இலட்சம் கிலோமீற்றர் தூரத்தில் நிற்கிறது, அங்கே மாசிமினோ போக இயலாது. இனிச் செய்கிற கருவிகளைக் கையில்லாமலே திருத்தக் கூடியதாகச் செய்ய வேண்டும். ஆணிக்குத் தலை வழுக்காத வடிவம் கொடுப்பதிலிருந்தே அது தொடங்குகிறது.

#8 சிவப்புக்கட்டை

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டு இருக்கிறேன். எழுதுவோமா விடுவோமா என்று யோசித்தேன். நான் கண்ணிவெடி அகற்றும் வேலையில் ஒன்பது வருடம் இருந்தேன், கிளிநொச்சிப் பக்கமும் முகமாலையிலும். என் பெயர் எங்கிருந்து வந்தது என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்கு: வெடி இருக்கிற நிலத்தின் எல்லையில் நடுகிற அடையாளக் கட்டை அது.

மாஸ்டர் சொன்ன மூக்கால் தேய்த்த கதையில் நின்றுவிட்டேன். வைசருக்குள், அதாவது முகத்தை மூடுகிற கண்ணாடிக் கவசத்துக்குள், வியர்வை ஆவி படிகிறது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். சித்திரை வெயிலில் அப்ரன் போட்டு, வைசரை இறக்கி, முழங்காலில் இருந்து ஓர் அங்குலம் ஓர் அங்குலமாக மண்ணை எடுக்கும்போது நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கும். எரியும். லேனுக்குள், அதாவது வெடி தேடுவதற்கென்று பிரித்த ஒடுங்கிய பாதைக்குள், இருக்கும்வரை வைசரைத் தூக்கக் கூடாது. கண்ணை இறுக்கி மூடி, அது கழுவிப் போகும்வரை கையை அப்படியே நிறுத்தி வைத்திருப்போம். கனடாவின் கிறிஸ் ஹாட்ஃபீல்ட்டுக்கு 2001 இல் இதைவிட மோசமாக நடந்தது. கண்ணாடியில் ஆவி படியாமல் பூசுகிற மருந்து கண்ணில் பட்டுவிட்டது. கண்ணீர் வந்தது, ஆனால் அங்கே கண்ணீர் கீழே வழியாது. உருண்டையாகக் கண்ணிலேயே நின்று, பெருத்து, மூக்குக்கு மேலால் மற்றக் கண்ணுக்கும் போனது. இரண்டு கண்ணும் தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

நான் சொல்ல வந்தது அதை அல்ல, லூகா பர்மிடானோவின் கதையை. இத்தாலிக்காரர். 2013 ஜூலை 16. வெளியே வந்து முக்கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை, தலைக்குப் பின்னால் தண்ணீர் இருக்கிறது என்று சொன்னார். எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. கூடிக்கொண்டே போனது. உள்ளே திரும்பச் சொன்னார்கள். திரும்பும் வழியில் தண்ணீர் முன்னுக்கு வந்து கண்ணை மூடியது, மூக்கை மூடியது, காதுக்குள் போனது. அந்த நேரம் பார்த்துச் சூரியனும் மறைந்து இருட்டு. பார்க்கவும் இயலாது, மூக்கால் மூச்செடுக்கவும் இயலாது. தளைநார் அண்ணா சொன்ன அந்தச் சுருளும் கயிற்றின் மெல்லிய இழுவையைப் பிடித்துக்கொண்டுதான் கதவைக் கண்டுபிடித்துப் போனார். அமுக்கம் ஏறும்வரை கூட வந்த கிறிஸ் கசிடி அவருடைய கையைப் பிடித்திருந்தார், உயிரோடு இருக்கிறேன் என்று சொல்ல இவர் கையை அழுத்தினார். தலைக்கவசத்துக்குள் இருந்தது ஏறக்குறைய ஒன்றரை லீற்றர் தண்ணீர். மாஸ்டர் சொன்ன குளிர்விக்கும் தண்ணீர்தான் அது. தண்ணீரையும் காற்றையும் பிரிக்கிற பகுதியில் சின்னத் துளைகள் அடைபட்டு, தண்ணீர் மூச்சுக் காற்றோடு ஏறியிருக்கிறது.

இதில் என்னைத் தூங்கவிடாத விஷயம் ஒன்று. ஒரு கிழமைக்கு முன், ஜூலை 9, அதே உடையோடு வெளியே போய் வந்தபோதும் கவசத்துக்குள் தண்ணீர் இருந்தது. குடிக்கிற தண்ணீர்ப் பை கசிந்திருக்கும் என்று முடிவெடுத்து அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள்.

எங்களிடம் ஒவ்வொரு காலையும் லேனுக்குள் இறங்க முன்னம், உலோகம் இருந்தால் சத்தம் போடுகிற டிடெக்டரை ஒரு சோதனைத் துண்டின் மேல் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒருநாள் என் டிடெக்டர் சத்தம் ஒரு கணம் பிந்தி வந்தது. பொறுப்பாக நின்றவரிடம் சொன்னேன். பற்றரி பலவீனமாக இருக்கும், மாற்றிப் போடுங்கோ என்றார். மாற்றினேன், சத்தம் சரியாக வந்தது. இறங்கினேன். அரை மணித்தியாலத்தில், முந்திய நாள் தோண்டி எடுத்த ஆணி ஒன்றை லேன் ஓரத்தில் வைத்திருந்தேன், அதற்கு மேலால் கொண்டு போனபோது சத்தமே வரவில்லை. அப்படியே எழும்பி, வந்த தடத்திலேயே பின்னுக்கு நடந்து வெளியே வந்துவிட்டேன். கழுத்துப் பகுதியில் வயர் உள்ளுக்குள் அறுந்துகொண்டு இருந்திருக்கிறது. வளைத்தால் வேலை செய்யும், நிமிர்த்தினால் செய்யாது. அந்த அரை மணித்தியாலத்தில் நான் துப்புரவு என்று விட்ட நிலத்தை மறுபடி முதலிலிருந்து பார்த்தோம்.

பற்றரி என்ற காரணம் எல்லோருக்கும் வசதியாக இருந்தது. அன்றைய வேலை நிற்காது. தண்ணீர்ப் பை என்ற காரணமும் அப்படித்தான் இருந்திருக்கும். அங்கே விசாரணை செய்தவர்களும் அதைத்தான் எழுதியிருக்கிறார்கள், முதல் தடவையே நின்று தேடியிருந்தால் இரண்டாவது நடந்திராது. அதற்குப் பிறகு தலைக்குப் பின்னால் தண்ணீர் உறிஞ்சும் மெத்தை ஒன்றும், வாயிலிருந்து உடையின் கீழ்ப்பகுதிக்கு மூச்சுக்குழாய் ஒன்றும் வைத்தார்கள். 2016 ஜனவரியில் டிம் கோப்ராவின் கவசத்தில் ஒரு சின்ன நீர்க்குமிழி தெரிந்த உடனேயே வேலையை நிறுத்தி இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். அதை வாசித்தபோது மனதுக்கு ஆறுதலாக இருந்தது.

மின்சுற்றுத் தம்பிக்கு: நிலத்தைப் புரட்ட எங்களிடமும் இயந்திரம் வந்தது. அது போக முடிந்த இடமெல்லாம் போகட்டும் என்றுதான் நாங்களும் வேண்டினோம். அது போன பிறகும் நாங்கள் போனோம்.

இன்னொன்று, பெண்பிள்ளைகளுக்கு. 2019 மார்ச்சில் இரண்டு பெண்கள் சேர்ந்து வெளியே போக இருந்தது, நடுத்தர அளவு மேலுடை ஒன்றுதான் தயாராக இருந்ததால் நடக்கவில்லை. அக்டோபர் 18 இல் கிறிஸ்டினா கோச்சும் ஜெசிக்கா மீரும் போய் ஏழு மணித்தியாலத்துக்கு மேல் நின்று வேலையை முடித்தார்கள். ஆண்களின் அளவில் தைத்த அப்ரனைத் தோளில் துணி மடித்து வைத்துப் போட்டவர்களுக்கு அந்த மார்ச் மாதம் நன்றாக விளங்கும்.

#9 கராஜ்_புதுக்குடியிருப்பு

அக்கா எழுதியதற்கு மேல் எழுதக் கஷ்டமாக இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் வைக்கிறேன்.

2012 ஆகஸ்ட் 30 இல் சுனிதா வில்லியம்சும் ஜப்பானின் அகிஹிகோ ஹோஷிடேயும் மின்சாரம் பகிர்கிற பெரிய பெட்டி ஒன்றை மாற்றப் போனார்கள். எட்டு மணித்தியாலத்துக்கு மேல் நின்றும் ஒரு போல்ட் இறங்கவில்லை. புரிக்குள் உலோகத் தூள். பெட்டியைப் பட்டியால் கட்டிவிட்டு உள்ளே வந்தார்கள். உள்ளே இருந்த சாமான்களைக் கொண்டே ஆயுதம் செய்தார்கள்: வயரைப் பிரித்து ஒரு கம்பித் தூரிகை, இன்னொன்று சாதாரண பல் துலக்கும் பிரஷ். செப்டெம்பர் 5 இல் மறுபடி போய், புரியைத் துப்புரவாக்கி, கிறீஸ் பூசி, போல்ட்டை இறக்கினார்கள்.

என் கராஜில் பழைய பல் பிரஷ் ஆறு ஏழு எப்போதும் இருக்கும். புரி துப்புரவாக்க அதைவிட நல்லது கிடையாது. சேறு படிந்த உழவு இயந்திரச் சில்லு நட் இறங்காவிட்டால் பலம் போடக் கூடாது, பின்னுக்கு எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி போட வேண்டும். வேலை பழக வருகிற பொடியன்களுக்கு முதல் கிழமை சொல்லிக் கொடுப்பது அது.

வெல்டிங் பழகுகிற பிள்ளைகள் யாராவது வாசித்தால்: முதன்முதலில் விண்வெளியில் வெளியே வந்த பெண் ஸ்வெத்லானா சவிட்ஸ்காயா, 1984 ஜூலை 25. வெளியே நின்று அவர் செய்த வேலை உலோகம் வெட்டுவதும் ஒட்டுவதும்.

#10 தரம்11_குளக்கரை

வணக்கம். கேள்வி கேட்டது நான்தான். சேர் இழையைக் காட்டினார். எல்லோருக்கும் நன்றி.

நேற்று நானும் அண்ணாவும் செய்து பார்த்தோம். அப்பா கூடவே நின்றார், எனக்கு இடுப்பில் கயிறு கட்டி மற்றப் பக்கத்தை அவர் பிடித்திருந்தார். குளத்தின் ஓரத்தில் தண்ணீருக்குள் நிற்கிற பழைய மரக்கட்டை ஒன்றில், தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே 17 நம்பர் போல்ட் ஒன்றை அண்ணா இறுக்கிவிட்டார். நான் ட்ரக்டர் ரியூப்பில் கால் நிலத்தில் படாமல் மிதந்துகொண்டு ஸ்பானரைப் போட்டேன். போல்ட் அசையவில்லை. நான்தான் கட்டையைச் சுற்றிப் போனேன், மெதுவாக, ரியூப்போடு. மற்றக் கையால் கட்டையைப் பிடித்தால் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் பிடிக்கிற கைதான் முதலில் களைத்தது. பன்னிரண்டு நிமிடம் முயன்றேன், கழற்ற முடியவில்லை.

பிறகு அப்பா நைலோன் கயிற்றால் இரண்டு வளையம் செய்து கட்டையின் அடியில் கட்டினார். அதற்குள் இரண்டு பாதத்தையும் விட்டு இறுக்கினேன். முதல் இழுவையிலேயே போல்ட் கிறீச் என்றது. நாற்பது செக்கனில் கழன்றது. கழன்ற உடனே கையிலிருந்து தவறித் தண்ணீருக்குள் விழுந்துவிட்டது, அதற்கு நான் கயிறு கட்டவில்லை.

இரண்டாம் தடவை, தடித்த ரப்பர்க் கையுறைக்கு மேல் தோட்டக் கையுறை ஒன்றும் போட்டுச் செய்தேன். கால் வளையத்துக்குள் இருந்தும் ஐந்து நிமிடம் போனது. போல்ட்டை விரலால் உணரவே முடியவில்லை, கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் ஸ்பானரை மாட்ட வேண்டி இருந்தது. விரல் இப்போதும் நோகிறது. சேர், காற்றடித்த ரியூப் மாதிரிக் கையுறையை எப்படிச் செய்து பார்ப்பது என்று மட்டும் தெரியவில்லை.

அக்காவிடம் ஒரு கேள்வி. அந்த லேனில் எழும்பிப் பின்னுக்கு நடந்து வந்தபோது யாராவது ஏசினார்களா?

#11 சிவப்புக்கட்டை

ஏசவில்லை தங்கச்சி. முகம் கொஞ்சம் சுருங்கினது. வயரைக் கழற்றிக் காட்டின பிறகு அவரே மற்ற எல்லோருடைய டிடெக்டரையும் வளைத்து வளைத்துப் பார்த்தார். இன்னொன்றும் அப்படி இருந்தது.

#12 தளைநார்

பிள்ளை, கால் வளையத்தை அடுத்தமுறை கட்டையின் அடியில் கட்ட வேண்டாம், போல்ட்டிலிருந்து உன் இடுப்பு உயரத்துக்குக் கீழே கட்டு. முழங்கால் கொஞ்சம் மடிந்து நிற்கும், இழுவை இன்னும் சுகமாக இருக்கும். அப்பாவின் பழைய தளைநார் ஒன்று வீட்டில் கிடக்கிறது. வாற கிழமை துணுக்காய்ப் பக்கம் ஒரு கோபுர வேலை இருக்கிறது, மாஸ்டரிடம் கொடுத்துவிடுகிறேன். போல்ட்டுக்கு ஒரு நூலும் கட்டு.